நடுவக்கரைக்கு நான்கு மணி நேரம்

திருக்காட்டுப்பள்ளி,
4.9.2025

அன்புத் தங்கை ஜெயபாரதிக்கு,

உன் அக்காள் பிரகதாம்பாள் எழுதுவது. என் உடலுக்குக் குறை ஒன்றும் இல்லை, உண்கிறேன், உறங்குகிறேன். உன் தலைச்சுற்றல் நின்றதா, வேளைக்கு ஒரு வாயேனும் சாப்பிடுகிறாயா என்பதை மறைக்காமல் எழுது.

மாப்பிள்ளை ராஜ்குமார் நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு இருபத்தெட்டு நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு நான் நடுவக்கரைப் பக்கம் வரவில்லை என்பது உன் மனத்தில் இருக்கும். எட்டு கிலோமீட்டரில் இருப்பவள் கடிதம் எழுதுவதும் விந்தையாகத் தோன்றும். என் கைபேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அதில் நான் கடைசியாகப் பேசியது மாப்பிள்ளையோடு. மீண்டும் எடுக்கக் கை செல்லவில்லை; அவ்வளவே காரணம். பேருந்தில் நாற்பது நிமிடத் தூரத்தை இக்கடிதம் தஞ்சாவூர் சென்று திரும்பி மூன்று நாளில் கடக்கும். எனக்கு அந்த மூன்று நாள் வசதியாக இருக்கிறது.

நீ கேட்டபடி நான் எழுதி நீ கையொப்பமிட்ட புகார் மனு சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டை வந்துவிட்டது. நகல் இணைத்துள்ளேன். அதன் முக்கிய வாசகத்தை நீ மறந்திருக்கக் கூடும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்:

“ஆற்றிலிருந்து அரசனேரி வாய்க்கால் பிரியும் தலைப்பு மதகை 7.8.2025 காலை எட்டரை மணிக்குத் திறந்ததாக, மதகைத் திறந்து மூடும் லஸ்கர் கலியபெருமாள் பதிவேட்டில் எழுதியுள்ளார். தலைப்பில் திறந்த தண்ணீர் நடுவக்கரைப் பாலத்தை அடைய நான்கு மணி நேரம் ஆகும் என்பது, மதகுச் சுவரில் எழுதப்பட்டு இருபது ஆண்டுகளாக எவராலும் மறுக்கப்படாத அட்டவணை. அன்றோ பத்து ஐம்பதுக்கே தண்ணீர் ஏறி, பாலத்தின் நீர்வழிக் கண்ணில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை அறுத்துக்கொண்டிருந்த என் கணவரின் உயிரைப் பறித்தது. ஆகவே மதகு ஆறு ஐம்பதுக்கே திறக்கப்பட்டிருத்தல் வேண்டும். பதிவேட்டில் உள்ள நேரம் பொய்யானது.”

கலியபெருமாளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள். விசாரணை விரைவில் தொடங்கும்.

அட்டவணையை எழுதியவள் நான் என்பதை மனுவில் குறிப்பிடவில்லை. கேட்டால் சொல்லலாம்.

உன் நலம் ஒன்றையே வேண்டும்,
பிரகதாம்பாள்.


நடுவக்கரை,
15.9.2025

அக்காவுக்கு,

ஜெயபாரதி எழுதுறேன். தலைச்சுற்றல் வருது, போகுது. உன் முட்டிவலி எப்படி இருக்கு, அத நீ எழுதவே இல்ல. சம்பாவுக்கு நாத்து விட்டாச்சு. பக்கத்து வயக்காரர் அறிவுச்செல்வன் அண்ணன்தான் எல்லாம் பாத்துக்கிறாரு. அப்பா காரியத்துக்கு வந்த குந்தவை கும்பகோணத்துக்கு, ஹாஸ்டலுக்குத் திரும்பிட்டா. அவ பிசிக்ஸ் புத்தகம் ஒண்ண உன் வீட்டுல விட்டுட்டாளாம். கொடுத்தனுப்பு.

விசாரணைக்குப் பொறியாளர் வந்திருந்தாரு. சின்ன வயசுதான். “அந்த அட்டவணைய யாரும்மா போட்டது?”ன்னாரு. எங்க அக்காதான்னேன். “அவங்க என்ன படிச்சிருக்காங்க?” எட்டாவதுன்னேன். அவரு சிரிச்சாரு. நீ நெட்டித் தக்கைய வாய்க்கால்ல மிதக்க விட்டுட்டு, கையில கடிகாரத்தோட கரையிலயே சைக்கிள்ல வருவியே, அதச் சொன்னேன். “நெட்டியக்கா, மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டப் போறியா, மாடு எங்க?”ன்னு ஊரே கிண்டல் பண்ணதையும், அப்புறம் அதே ஊரு, தண்ணி எப்ப வரும்னு உன் வாயப் பாத்துக்கிட்டு நின்னதையும் சொன்னேன். அப்புறம் அவரு சிரிக்கல.

நீ ஒரு வரி எழுதிக் கொடுக்கணுமாம். இந்த அட்டவணை சரியானது, நான்தான் எழுதினேன், அப்படின்னு. மாசக் கடைசிக்குள்ள வேணுமாம். அது வந்துட்டா கேஸு முடிஞ்சுதுன்னு சொன்னாரு. அந்த ஆளு தப்பிக்கக் கூடாது அக்கா. எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

நேர்ல வந்தா இன்னும் நல்லது.

உன் தங்கச்சி
ஜெயா.


திருக்காட்டுப்பள்ளி,
1.10.2025

அன்புத் தங்கைக்கு,

முட்டிவலி எழுதும் அளவுக்கு இல்லை. உனக்குத் தலைச்சுற்றல் தொடர்வது குறித்துக் கவலையுறுகிறேன். மருத்துவரைப் பார்த்து அவர் சொன்னதை எழுது.

பொறியாளர் கேட்கும் வரியை எழுத அமர்ந்தேன். “அரசனேரி வாய்க்காலில் தண்ணீரின் வேகமானது” என்று தொடங்கியவள் நின்றுவிட்டேன். காரணம் குந்தவையின் புத்தகம். கொடுத்தனுப்பும் முன் புரட்டினேன். அலைகளைப் பற்றிய பாடம் கண்ணில் பட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள் கல்லூரிப் பாடத்தை அகராதி வைத்துக்கொண்டு படிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. புரிந்தது என்று துணிந்து சொல்வேன்.

அலை எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லையாம். அலையில் எதைக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டுமாம். முகடு ஓடும் வேகம் வேறு. முகடுகள் சேர்ந்த கூட்டம் நகரும் வேகம் வேறு. அசையாது கிடந்த நீரை முதன்முதலாகத் தொடும் முன்முனையின் வேகம் வேறு. நான் நம்பவில்லை. குளத்துக்குச் சென்று கல்லெறிந்து பார்த்தேன். கூட்டத்தின் பின்விளிம்பில் ஒரு முகடு தோன்றுகிறது. கூட்டத்தை ஊடுருவி முன்னே ஓடுகிறது. முன்விளிம்பை எட்டியதும் இல்லாமல் போகிறது. கூட்டமோ ஏறத்தாழ அதன் பாதி வேகத்தில் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. முகட்டைப் பார்த்துக் கணக்கிட்டவன் கரைக்கு ஒரு நேரம் சொல்வான். கூட்டத்தைப் பார்த்தவன் வேறு நேரம் சொல்வான். இருவரும் பொய் சொல்லவில்லை. நான் எறிந்துகொண்டே இருந்ததைக் கண்டு, துணி துவைத்துக்கொண்டிருந்த கண்ணாத்தாள், “என்ன நெட்டியக்கா, தவளைய வெரட்டுறீங்களா?” என்று கேட்டாள்.

என் அட்டவணையில் நடுவக்கரைக்கு நேராக இரண்டு கட்டங்கள் உண்டு. வறண்ட வாய்க்காலில் முதல் தண்ணீர் வர ஒன்றரை நாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வாய்க்காலில் நான்கு மணி. அந்த நான்கு மணி எதனுடைய வேகம் என்று அதில் எழுதப்படவில்லை. இத்தனை ஆண்டுகளில் எவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பொறுப்போடு எழுத வேண்டிய வரி என்பதால் சற்று அவகாசம் தேவை.

நான் இன்னும் அழவில்லை என்பதை உன்னிடம் சொல்ல வேண்டும். செய்தி அன்று பதினொன்றேகாலுக்கே ஆள் மூலம் வந்துவிட்டது. அதன்பின் ஒன்றும் வரவில்லை.

புத்தகத்தைக் குந்தவைக்கு நேராக அனுப்பிவிட்டேன்.

பிரகதாம்பாள்.


நடுவக்கரை,
9.10.2025

அக்கா,

நீ நல்லா இருப்ப. நான் நல்லா இல்ல. டாக்டர் ரத்தம் கம்மின்னு மாத்திரை கொடுத்திருக்காரு, அதுக்கு மேல கேக்காத.

நான் கேட்டது ஒரு வரி. நீ எழுதினது மூணு பக்கம். குளத்துல கல்லு போட உனக்கு நேரம் இருக்கு, இங்க வர பஸ்ஸு இல்ல. எட்டாவது படிச்சவன்னு அவன் சிரிச்சான்னு எழுதுனா, காலேஜு புத்தகத்த எடுத்து வச்சுக்கிட்டு எனக்கே வாத்தியாராயிட்ட.

உன் மூணு வேகமும் எனக்கு வேண்டாம். நான் கண்ணால பாத்தேன். அவரு பாலத்துக் கண்ணுல நெஞ்சளவு தண்ணியில நின்னு அறுத்துக்கிட்டு இருந்தாரு. சத்தமே இல்லாம ஏறுச்சு. தாமரை மொத்தமா நகந்து வந்து அவர உள்ள அமுக்கிடுச்சு. அறிவுச்செல்வன் அண்ணனும் இன்னும் ரெண்டு பேரும் குதிச்சாங்க. தண்ணி தெளிவா இருந்ததால அந்தப் பக்கம் அவரு நீலச் சட்டை மேல இருந்தே தெரிஞ்சுது. கரையில போட்டப்ப மணி பதினொண்ணு. அப்புறம் போலீஸ் வந்து எழுதிக்கிட்டு இருந்தாங்க. நான் வாய்க்காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பன்னெண்டரைக்குச் செந்தண்ணி வந்துச்சு, தலைப்புல திறந்துவிட்ட ஆத்துத் தண்ணி. நீ சொன்ன நேரத்துக்கு, நிமிஷம் தப்பாம. அவரு அங்க கெடக்கிறாரு, நான் அப்பக்கூட நெனச்சேன், அக்கா கணக்கு தப்பாதுன்னு.

அப்புறம் என்ன யோசனை? எழுதிக் கொடு.

ஜெயா.


அரசனேரி,
24.10.2025

பிரகதாம்பாள் அக்கா அவர்களுக்கு,

கலியபெருமாள் வணக்கத்தோட எழுதுறது. நானும் காளியம்மாளும் இருக்கோம்ங்கிறது தவிர எங்களப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லங்க. உங்க முட்டிக்குத் தடவ எண்ணெய் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன், கொண்டாந்து கொடுக்கத் தைரியம் வரலை. போன் போட்டா அணைச்சிருக்குன்னு வருது. அதான் எழுதுறேன்.

ரெண்டு மாசமா இதே யோசனைதாங்க. நான் எட்டரைக்குத் திறந்ததாத்தான் ஞாபகம். திறந்த கையோட உங்களுக்குப் போன் பண்ணேன். “சரி கலியபெருமாள், மாப்பிள்ளைக்குச் சொல்லிடறேன், பன்னெண்டரைக்கு வரும்”னீங்க. ஆனா உங்க அட்டவணை சுவத்துல இருக்குங்க. அது இருபது வருஷமாத் தப்புனதில்ல. என் ஞாபகம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தப்புது. “சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு டூட்டிக்குப் போன ஆளுதானய்யா நீ”ங்கிறா காளியம்மா. அப்ப நான் ஆறு ஐம்பதுக்கே திறந்திருக்கணும். கடிகாரத்தத் தப்பாப் பாத்து எழுதியிருக்கணும். உங்க சுவரும் நானும் ரெண்டு விதமாச் சொன்னா, நம்ப வேண்டியது சுவரத்தானுங்களே.

ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துடலாம்னு இருக்கேன். வேலை போயிடும், கேஸும் வரும்ங்கிறாங்க. வரட்டும். மாப்பிள்ளை என் கையால போயிட்டாருன்னா அத நான் மறைக்கக் கூடாது. என் எழுத்து நல்லா இருக்காதுங்க. மனு எழுதுறதுல உங்களுக்கு மேல இந்தப் பக்கம் ஆள் கிடையாது. ஒத்துக்கிற கடிதத்த நல்ல தமிழ்ல நீங்கதான் எழுதித் தரணும்.

இப்படிக்கு
கலியபெருமாள்.


திருக்காட்டுப்பள்ளி,
28.10.2025

மதிப்புக்குரிய கலியபெருமாள் அவர்களுக்கு,

தாங்களும் காளியம்மாளும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும்.

தாங்கள் கேட்கும் ஒப்புதல் கடிதத்தை என்னால் எழுதித் தர இயலாது. வேறு எவரிடமும் எழுதி வாங்க வேண்டாம். வெற்றுத்தாளில் கையொப்பமிட வேண்டாம். என் சுவருக்காகத் தங்கள் ஞாபகத்தை மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

தலைப்பில் அடுத்துத் தண்ணீர் கூட்டும் நாளை, தங்கள் இடத்தில் இருக்கும் வளவனிடம் கேட்டு, முன்கூட்டியே எனக்குத் தெரிவிக்கக் கோருகிறேன். எண்ணெயை அப்போது பெற்றுக்கொள்கிறேன்.

பிரகதாம்பாள்.


திருக்காட்டுப்பள்ளி,
12.11.2025

அன்புத் தங்கை ஜெயபாரதிக்கு,

மாத்திரையை விடாமல் சாப்பிடு. நான் நலமாக இருப்பதாக நீ எழுதியது உண்மைதான். உடலில் ஒரு கோளாறும் இல்லை.

இன்று காலை எட்டே காலுக்குத் தலைப்பில் தண்ணீர் கூட்டினார்கள். வளவன் என் கண்முன்னே ஷட்டரைத் திருகினார். இருவரும் நேரத்தைத் தனித்தனியே குறித்துக்கொண்டோம். மஞ்சள் துணி சுற்றிய ஐந்து நெட்டித் தக்கைகளை நீரில் விட்டுவிட்டு, மொபெட்டில் நடுவக்கரைப் பாலத்துக்கு வந்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் சுண்ணாம்புக் கோடு இழுத்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. பாலத்திலிருந்து உன் வீட்டு ஓடும், கொடியில் காய்ந்த ஒரு சேலையும் தெரிந்தன.

பத்து முப்பத்தைந்துக்குக் கோடு நனைந்தது. பத்து ஐம்பதுக்குள் ஒரு சாண் ஏறிவிட்டது. அன்று கூட்டியது இதைப்போல் மூன்று மடங்கு. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நெட்டி வரவில்லை, செந்தண்ணீரும் வரவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு பத்துக்கு முதல் நெட்டி வந்தது. அதையொட்டிச் செந்தண்ணீர் வந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு.

என் அட்டவணை சரி. அதுவே குற்றம்.

நான் இருபது ஆண்டுகளாக அளந்தது, தலைப்பில் விட்ட தண்ணீர் தானே நடந்து வரும் வேகத்தை. ஆனால் அந்தத் தண்ணீர் தன் முன்னால் கிடக்கும் தண்ணீரைத் தள்ளுகிறது. அது தனக்கு முன்னால் உள்ளதைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தண்ணீரை முந்திக்கொண்டு ஓடி வருகிறது. நடுவக்கரைக்கு அதற்கு இரண்டு மணி இருபது நிமிடமே தேவை. எட்டரையோடு அதைக் கூட்டிப் பார். பத்து ஐம்பது. மாப்பிள்ளையை மூழ்கடித்தது நான் பன்னிரண்டரைக்கு வரும் என்று சொன்ன தண்ணீர் அல்ல. அங்கே முன்பே இருந்த தண்ணீர். நீல நிறச் சட்டை மேலிருந்து தெரிந்தது என்று நீ எழுதினாய். ஆறு ஐம்பதுக்குத் திறந்திருந்தால் அந்த வேளையில் செந்தண்ணீர் வந்திருக்கும், சட்டை தெரிந்திராது.

‘தண்ணீர் எப்போது வரும்’ என்று எல்லோரும் கேட்டார்கள். வரும் நேரத்தை நான் சொன்னேன். வாய்க்காலில் இறங்குகிறவனுக்கு வேண்டியது ஏறும் நேரம். புதுத்தண்ணீரை நாம் நிறத்தைக் கொண்டே அறிந்து பழகியிருந்ததால், நிறம் வரும் முன் ஏறுவதை எவரும் பொருட்படுத்தவில்லை.

கலியபெருமாள் எட்டரைக்குத்தான் திறந்தார். பன்னிரண்டரை என்று தொலைபேசியில் மாப்பிள்ளையிடம் சொன்ன வாய் என்னுடையது. சுவரில் எழுதிய கையும், அதை வைத்துக் கலியபெருமாள் மீது மனு எழுதிய கையும் ஒன்றே. இதை விசாரணை அலுவலருக்கு எழுதித் தருவேன். முதலில் உனக்கு எழுதுகிறேன்.

நெட்டியில் நான்கைப் பாலத்தில் பிடித்துவிட்டேன். ஒன்று கண்ணின் வழியே போய்விட்டது.

பிரகதாம்பாள்.

பின்குறிப்பு, 2.12.2025: எழுதி இருபது நாளாக மேசையில் வைத்திருந்தேன். இன்று அஞ்சலில் சேர்க்கிறேன்.


திருக்காட்டுப்பள்ளி,
19.12.2025

அன்புத் தங்கைக்கு,

மழையில் நடவு அழுகாமல் தப்பியதா? உன் உடல் எவ்வாறு உள்ளது? என் முந்தைய கடிதம் ஐந்தாம் தேதி உன்னை அடைந்திருக்க வேண்டும். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று நான் கோரவும் இல்லை.

வாக்குமூலத்தை நேற்று நேரில் அளித்தேன். பொறியாளர் என்னை நாற்காலியில் அமரச் சொன்னார். இருமுறை படித்துவிட்டு, “இத நீங்க எழுதிக் கொடுக்கலைன்னா யாருக்கும் தெரியப் போறதில்லைம்மா” என்றார். கலியபெருமாளுக்குத் தெரிந்த நேரம் எட்டரை, அவர் அதை மறக்கத் தொடங்கியிருந்தார் என்று சொன்னேன். வாசகத்தில் ஒரு பிழை இருந்தது. ‘என் தங்கையின் கணவர்’ என்பதற்குப் பதிலாக ‘மாப்பிள்ளை’ என்று எழுதியிருந்தேன். அலுவலக நடையில் அது பொருந்தாது. திருத்தத் தாள் கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

நகல் இணைத்துள்ளேன்.

பிரகதாம்பாள்.


நடுவக்கரை,
12.1.2026

அக்காவுக்கு,

நடவு தப்பிச்சுது. பயிரு பால் புடிச்சிருக்கு. தலைச்சுற்றல் இல்ல. உன் முட்டிக்குக் கலியபெருமாள் கொடுத்த எண்ணெயத் தடவுறியா?

உன் ரெண்டு கடிதாசியும் வந்துச்சு. படிச்சேன். எழுத வரல. அதுக்கு நீ காரணம் இல்ல, நான்தான்.

உன் போன் வந்தப்ப அவரு வயலுக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தாரு. பேசி முடிச்சுட்டு எங்கிட்ட, “தண்ணி கூட்டியிருக்காங்களாம், பாலத்து வேலைய நாளைக்குப் பாத்துக்கலாமா?”ன்னாரு. நான்தான், “பன்னெண்டரை வரைக்கும் நேரம் கெடக்கு, எங்க அக்கா கணக்கு என்னிக்குத் தப்பியிருக்கு, போயிட்டு வாங்க”ன்னு துண்ட எடுத்துக் கையில கொடுத்தேன். இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. கலியபெருமாள் பொய் சொன்னாருன்னு ஆயிட்டா, நான் சொல்ல வேண்டியதே இல்லாமப் போயிடும்னு இருந்தேன்.

அவருக்கு வேலை திரும்பக் கெடச்சிருச்சு. போன வாரம் இங்க வந்தாரு. உக்காரச் சொன்னேன், உக்காரல. “அக்கா கணக்குல தப்பில்லம்மா, நாம கேட்டதுதான் தப்பு”ன்னாரு. காபி கொடுத்தேன், நின்னுக்கிட்டே குடிச்சுட்டுப் போயிட்டாரு.

நேத்து அவருதான் போன் பண்ணாரு. தண்ணி கூட்டியிருக்கு, ரெண்டு மணி நேரத்துல ஏற ஆரம்பிச்சிரும், யாரும் எறங்க வேண்டாம்னாரு. நான் பாலத்துக்குப் போய் உக்காந்தேன். ஏறுச்சு. நீ போட்ட சுண்ணாம்புக் கோடு இன்னும் இருக்கு. செந்தண்ணி வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். அந்த நேரம் ரொம்பப் பெருசா இருக்கு அக்கா. நீ நின்னுக்கிட்டே இருந்தியா?

மதகுச் சுவத்துல மூணாவதா ஒரு கட்டம் எழுதணுமாம், ஏறுற நேரம்னு. பெயிண்டர வச்சு எழுதுறேன்னு பொறியாளர் சொன்னாராம். அக்கா கையாலதான் எழுதணும்னு கலியபெருமாள் நிறுத்தி வச்சிருக்காரு.

இந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்ல. மாட்டுக்கு மட்டும் நெட்டி மாலை வாங்கி வச்சிருக்கேன். வா.

ஜெயா.


திருக்காட்டுப்பள்ளி,
15.1.2026

அன்புத் தங்கை ஜெயபாரதிக்கு,

எண்ணெய் தடவுகிறேன். வலி அப்படியே இருக்கிறது. அவரிடம் குறைந்திருப்பதாகச் சொல்.

ஆம், நின்றுகொண்டுதான் இருந்தேன்.

துண்டைக் கொடுத்தவள் நீ. நேரத்தைக் கொடுத்தவள் நான். இதற்கு மேல் எழுத என்னிடம் வாசகம் இல்லை.

நாளைக் காலை வெறும் கையோடு வருகிறேன். இக்கடிதம் என்னை முந்தாது என்பது தெரிந்தே எழுதுகிறேன். பேருந்து நாற்பது நிமிடத்தில் நடுவக்கரையை அடையும் என்பார்கள். நான் எத்தனை மணிக்கு வந்து சேர்வேன் என்பதை எழுதவில்லை.

பிரகதாம்பாள்.